காலேஜ்ல இருந்து ஆண்டு அறிக்கை வந்திருக்கு, கூடவே பணமும் கேக்குறாங்க. சிங்கப்பூர்ல இருக்குற நாங்க என்ன பாத்து குடுக்குறது, எப்படி அனுப்புறது?

பூன்லே_நைட்ஷிஃப்ட்:

எல்லாருக்கும் வணக்கம். தஞ்சாவூர் பக்கம் ஒரு எய்டட் காலேஜ்ல படிச்சவன் நான், பேரு வேணாம், இங்க ஜூரோங்ல ஒரு பிளான்ட்ல இன்ஸ்ட்ருமென்ட் வேலை. எங்க காலேஜ் பழைய பசங்க குரூப் சிங்கப்பூருக்குன்னே தனியா ஒண்ணு ஓடுது. வழக்கமா தீபாவளி வாழ்த்து, யாருக்காவது ரூம் வேணும், ஊருக்கு யாராவது போறீங்களா ஒரு பார்சல் இருக்கு, இவ்வளவுதான் அதுல வரும். இப்ப திடீர்னு பிரின்சிபால் ஆபீஸ்ல இருந்து ஒரு பிடிஎஃப் வந்திருக்கு, ஆண்டு முன்னேற்ற அறிக்கைன்னு. சும்மா சொல்லக்கூடாது, கல்யாண ஆல்பம் மாதிரி இருக்கு. நிதி திரட்டினது, டெக்னாலஜி, வளாக மேம்பாடுன்னு மூணு பகுதி. ஸ்மார்ட் கிளாஸ்ரூம், கேம்பஸ் முழுக்க வைஃபை, ஆடிட்டோரியத்துக்கு ஏசி, மெயின் ரோட்டுல புது ஆர்ச், மொட்டைமாடில சோலார். ஒவ்வொண்ணுக்கும் ரிப்பன் வெட்டுற போட்டோ. கடைசிப் பக்கத்துல அடுத்த வருஷத் தேவைகள்னு ஒரு லிஸ்ட், அதுல "சிங்கப்பூர் கிளை"ன்னு போட்டு எங்க பேர்ல ஒரு தொகையும் எழுதி வச்சிருக்காங்க, எங்கள ஒரு வார்த்தை கேக்கல.

குடுக்கக் கூடாதுன்னு இல்லங்க, அந்தக் காலேஜ் இல்லன்னா நான் இங்க வந்திருக்க மாட்டேன். ஆனா இந்த அறிக்கைய வச்சு காலேஜ் நிஜமாவே முன்னேறுதா இல்ல போட்டோவுல மட்டும் முன்னேறுதான்னு எப்படி கண்டுபிடிக்கிறது? இன்னொண்ணு, குரூப்ல ஒரு சீனியர் எல்லாரும் என் நம்பருக்கு பேநவ் (போன் நம்பர வச்சு பணம் அனுப்புற வசதி) பண்ணுங்க, நான் மொத்தமா சேத்து ஊருக்கு அனுப்பிடுறேன்னு சொல்றாரு. நல்ல மனுஷன், பணத்த சாப்புடுற ஆளு இல்ல. அவரு இங்க சிட்டிசன் ஆகி வருஷமாச்சு. இது சரியா வருமா? இங்க டேக்ஸ்ல ஏதாவது கழியுமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தேக்கா_கணக்குப்பிள்ளை:

தம்பி, மொதல்ல அந்த பேநவ் யோசனைய நிறுத்துங்க, மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்.

இந்தியாவுல எஃப்சிஆர்ஏன்னு ஒரு சட்டம், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010ல வந்தது, 2020ல இன்னும் இறுக்கிட்டாங்க. அதுப்படி வெளிநாட்டுக் குடிமகன் குடுக்குற காசு வெளிநாட்டு நன்கொடை. இந்திய வம்சாவளிக்காரங்களுக்குக் குடுக்குற ஓசிஐ கார்டு வச்சிருந்தாலும் அதே கதிதான், நான் தமிழன்தானே எங்க அப்பா மன்னார்குடிதானேன்னு சொன்னா எடுபடாது. உங்க சீனியர் கையில செவப்பு சிங்கப்பூர் பாஸ்போர்ட் இருந்தா அவரு அக்கவுண்ட்ல இருந்து போற ஒவ்வொரு ரூபாயும் அந்தக் கணக்குலதான் வரும். அத வாங்கணும்னா காலேஜுக்கு எஃப்சிஆர்ஏ பதிவு இருக்கணும், இல்ல முன் அனுமதி வாங்கியிருக்கணும், அந்தப் பணமும் டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்சுல அதுக்குன்னே தொறந்த அக்கவுண்ட்லதான் வந்து விழணும், உங்க ஊரு பிராஞ்சுல நேரா வாங்கக் கூடாது. இது எதுவும் இல்லாம வாங்கினா மாட்டிக்கப் போறது உங்க சீனியர் இல்ல, காலேஜ்.

அதே நேரம் நீங்க பிஆரா (நிரந்தரவாசியா) இருந்தாலும் சரி, எஸ் பாஸ், ஒர்க் பெர்மிட்னாலும் சரி, கையில இந்திய பாஸ்போர்ட் இருந்தா நீங்க என்ஆர்ஐ. என்ஆர்ஐ தன்னோட சொந்த சேமிப்புல இருந்து முறையான பேங்க் வழியா குடுக்குறது வெளிநாட்டு நன்கொடையா எண்ணப்படாது. கவனிங்க, சொந்த சேமிப்பு. முப்பது பேர் காச வாங்கி ஒரு ஆளு அனுப்புனா அது அவரு சேமிப்பு எப்படி ஆகும்? அதனால அவங்கவங்க அவங்கவங்க அக்கவுண்ட்ல இருந்து காலேஜ் பேருக்கோ அத நடத்துற டிரஸ்ட் பேருக்கோ நேரா அனுப்பணும், தனித்தனி ரசீது வாங்கணும். பாஸ்போர்ட் காப்பி கேப்பாங்க, கேக்குற காலேஜ்தான் ஒழுங்கா கணக்கு வைக்கிற காலேஜ்னு வச்சுக்கங்க. பேநவ்ல இருந்து யுபிஐக்கு அனுப்புற வசதி 2023 பிப்ரவரில வந்துச்சு, ஆனா அது ஊர்ல இருக்குற அம்மாவுக்கு அனுப்புறதுக்குன்னு வந்தது, இதுக்கு பேங்க் டிரான்ஸ்ஃபரே போடுங்க.

டேக்ஸ்: இங்க ஐபிசி தகுதி (பொதுநல அமைப்புன்னு இங்க குடுக்குற அங்கீகாரம்) இருக்குற அமைப்புக்குக் குடுத்தாத்தான் 250 சதவீதம் கழிவு. ஊர்ல இருக்குற காலேஜுக்கு இங்க ஒரு காசு கழியாது. ஊர்ல உங்களுக்கு வாடகை வருமானம், என்ஆர்ஓ (என்ஆர்ஐக்கான ஊர் பேங்க் கணக்கு) டெபாசிட் வட்டி, அந்த மாதிரி ஏதாவது இருந்து பழைய டேக்ஸ் முறையில ரிட்டர்ன் போடுறீங்கன்னா நன்கொடைக் கழிவு கேக்கலாம், 80ஜின்னு சொல்றது. அதுக்கு காலேஜ் டிரஸ்ட்டுக்கு 80ஜி பதிவு இருக்கணும், அவங்க நன்கொடை சர்டிபிகேட் தரணும், 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா குடுத்தா செல்லாது. புது முறைக்கு மாறிட்டீங்கன்னா மறந்துடுங்க.

இன்னொண்ணும் சொல்லிடுறேன், ஏன்னா அடுத்து உங்க குரூப்ல யாராவது இதத்தான் கெளப்புவாங்க. ஹால் எடுத்து டின்னர் வச்சு டிக்கெட் போட்டு வெளியாளுங்க கிட்ட வசூல் பண்ணலாம்னு. வெளிநாட்டு நோக்கத்துக்காக இங்க நிதி திரட்டுறதுக்கு அறநிறுவன ஆணையர் கிட்ட பெர்மிட் வேணும், பொதுமக்கள் கிட்ட வாங்குனா 80:20 விதி வேற இருக்கு, அதாவது திரட்டுனதுல 80 சதவீதம் சிங்கப்பூருக்குள்ளயே செலவாகணும், விலக்கு வாங்குனாத்தான் மாத்தலாம். நீங்க உங்க சொந்தக் காச உங்க காலேஜுக்கு அனுப்புறது வேற, இது வேற.

செங்காங்_மிஸ்:

கணக்குப்பிள்ளை அண்ணன் பணத்தப் பத்தி சொல்லிட்டாங்க, நான் அறிக்கையப் பத்தி சொல்றேன். கல்யாணமாகி இங்க வர்றதுக்கு முன்னாடி ஊர்ல ஒரு காலேஜ்ல வேலை பாத்தேன், ஐக்யூஏசி (காலேஜுக்குள்ள தரத்த கவனிக்கிற குழு) வேலை என் தலையில கட்டியிருந்தாங்க, அந்த மாதிரி பிடிஎஃப்லாம் யாரு எப்படி எத்தன மணிக்கு உக்காந்து செய்வாங்கன்னு எனக்கு நல்லாவே தெரியும்.

உங்களுக்கு அனுப்புன கலர் பிடிஎஃப்ப ஓரமா வைங்க. நாக் (காலேஜுகளோட தரத்த மதிப்பிடுற அமைப்பு) அங்கீகாரம் வாங்குன காலேஜ் வருஷா வருஷம் ஏக்யூஏஆர்னு ஒரு தர அறிக்கை குடுக்கணும், காலேஜ் வெப்சைட்லயே ஐக்யூஏசி பக்கத்துல கெடக்கும். படிக்க வறட்சியா இருக்கும், படிங்க. ஏழு பிரிவு இருக்கும், அதுல நாலாவது கட்டமைப்பு, கத்துக்குற வசதி. அஞ்சாவது மாணவர் பத்துனது, பழைய மாணவர் சங்கம் எவ்வளவு குடுத்துச்சுங்கிறதும் அதுலதான் வரும். உங்க பிடிஎஃப்ல நிதின்னு போட்டிருக்குற தொகையும் இதுல இருக்குற தொகையும் ஒத்துப் போகுதான்னு பாருங்க. ஒத்துப் போகலன்னா ஒடனே திருட்டுன்னு சொல்லாதீங்க, முக்காவாசி நேரம் என்ன நடக்கும்னா விழாவுல மைக்கப் பிடிச்சு "நான் அஞ்சு லட்சம் தர்றேன்"னு சொன்னதெல்லாம் சேத்து எழுதியிருப்பாங்க, கைக்கு வந்தது அதுல பாதிகூட இருக்காது. சொன்னது எவ்வளவு, வந்தது எவ்வளவுன்னு பிரிச்சுக் கேளுங்க.

அப்புறம் ஒரே ஒரு வருஷத்த பாக்காதீங்க, மூணு வருஷத்த பக்கத்துல பக்கத்துல தொறந்து வைங்க. ஒரு கம்ப்யூட்டருக்கு எத்தன மாணவர், இன்டர்நெட் வேகம் எவ்வளவு, லைப்ரரிக்கு புக்கு ஜர்னல் வாங்க எவ்வளவு, கட்டடத்துக்கு எவ்வளவு, பராமரிப்புக்கு எவ்வளவு, எல்லாம் நம்பரா இருக்கும். கட்டடச் செலவு ஏறிக்கிட்டே போயி பராமரிப்பும் லைப்ரரியும் அப்படியே நின்னா அங்க என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுடும்.

ஸ்மார்ட் கிளாஸ்ரூம்னு சொன்னீங்களே, நான் இருந்த எடத்துல அந்தப் பெரிய பேனலுக்கு வெல்வெட் துணியில ஒறை தச்சுப் போட்டிருந்தாங்க, ரூம் சாவி ஹெச்ஓடி டேபிள் டிராயர்ல. பேனலோட வந்த ரெண்டு பேனாவுல ஒண்ணு முதல் செமஸ்டர்லயே காணாமப் போச்சு, இன்னொண்ணு தொலஞ்சிடும்னு பூட்டி வச்சுட்டாங்க. கிளாஸ் எடுக்கப் போறப்ப சாவி வாங்கணும், ரிஜிஸ்டர்ல கையெழுத்து போடணும், யுபிஎஸ் ஆன் பண்ணணும், அது பேட்டரி போயி கீ கீன்னு கத்தும், கேபிள் தேடணும், அதுக்குள்ள பத்து நிமிஷம் போயிடும், நாங்க பாட்டுக்கு சாக்பீஸ எடுத்துக்கிட்டு போயிடுவோம். ஆய்வுக் குழு வர்ற அன்னைக்கு மட்டும் ஒறைய கழட்டுவாங்க. பேனல் வாங்க ஆள் கெடைப்பாங்க, பேர் போட்ட பலகை வைக்கலாம்ல. வாரண்டி முடிஞ்சதுக்கப்புறம் ஏஎம்சி (வருஷாந்திர பராமரிப்பு ஒப்பந்தம்) கட்டவும் பேட்டரி மாத்தவும் காசு குடுன்னா யாரு குடுப்பா? பேட்டரிக்கு பலகை வைக்க முடியாதே. அதனால நீங்க குடுக்குறதா இருந்தா அதுக்குக் குடுங்கன்னுதான் சொல்வேன்.

டெக்னாலஜின்னா எல்லாம் லட்சக்கணக்குல ஆகும்னும் நெனைக்காதீங்க. லைப்ரரிக்கு கோஹா, பாடத்துக்கு மூடில், ரெண்டு சாஃப்ட்வேரும் ஃப்ரீ. என்-லிஸ்ட்னு இன்ஃப்ளிப்நெட் நடத்துற திட்டம் இருக்கு, காலேஜ் வருஷத்துக்கு கொஞ்சம் ஃபீஸ் கட்டுனா ஆயிரக்கணக்குல ஈ-ஜர்னல் பசங்களுக்குத் தொறக்கும். உங்க காலேஜ் அதுல மெம்பரா, மெம்பர்னா போன வருஷம் எத்தன பேரு லாகின் பண்ணாங்கன்னு கேட்டுப் பாருங்க. பதில் எப்படி வருதுன்னு பாத்தாலே பாதி தெரிஞ்சுடும்.

உட்லண்ட்ஸ்_வம்பன்:

ஆர்ச் கட்டுனாங்களா? அப்ப முன்னேற்றம்தான். எங்க காலேஜ்லயும் கட்டுனாங்க, உள்ள பொம்பளப் புள்ளைங்க டாய்லெட்டுக்கு கதவுல தாழ்ப்பாள் இல்ல.

தோபாயோ_அங்கிள்:

நான் இங்க பொறந்து வளந்தவன், ஊர்க் காலேஜ் கதையெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனா ஜனங்க காசு போட்டு காலேஜ் கட்டுன கதை இங்கயே நெறைய இருக்கு, யாரும் பேச மாட்டேங்குறாங்களேன்னு எழுதுறேன் லா.

இப்ப என்யூஎஸ்னு (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) பெரிசா நிக்குதே, அது 1905ல ஒரு சின்ன மருத்துவப் பள்ளியா ஆரம்பிச்சது. டான் ஜியாக் கிம்னு ஒரு வியாபாரி தலைமையில பள்ளி வேணும்னு மனு குடுத்தாங்க. கவர்னர் என்ன சொன்னாரு, கட்டடச் செலவுக்கு 71,000 வெள்ளி (டாலர்) நீங்க திரட்டிக் காட்டுங்கன்னாரு. இவங்க 87,077 வெள்ளி திரட்டினாங்க, அதுல டான் ஜியாக் கிம் மட்டும் 12,000. அந்தக் காலத்து வெள்ளி, நெனச்சுப் பாத்துக்கங்க. அதுக்கப்புறம் நான்யாங் பல்கலைக்கழகம். 1953ல டான் லார்க் சைங்கிற தொழிலதிபர் அஞ்சு மில்லியன் வெள்ளி குடுத்தாரு, ஹொக்கியன் சீனர் சங்கம் 523 ஏக்கர் நெலம் குடுத்துச்சு, டிரைஷா (சைக்கிள் ரிக்‌ஷா) ஓட்டுறவங்க ஒரு நாள் ஓட்டுன காச அப்படியே கொண்டாந்து குடுத்தாங்க. நம்ம ஆளுங்களும் சும்மா இல்ல. மலாயாப் பல்கலைக்கழகத்துல இந்திய இயல் துறையில தமிழ் வரணும், நிக்கணும்னு தமிழ் முரசு பத்திரிகை கோ. சாரங்கபாணி 1950கள்ல "தமிழ் எங்கள் உயிர்"னு நிதி திரட்டினாரு. அது ஆர்ச்சுக்கோ ஹாலுக்கோ போகல, தமிழ்ப் புத்தகங்களுக்குப் போச்சு.

ஆர்ச்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. பூன்லே தம்பி, உங்களுக்கு பக்கம்தான், ஜூரோங் வெஸ்ட் ஸ்ட்ரீட் 93ல போயி பாருங்க. அந்த நான்யாங் பல்கலைக்கழகத்தோட பழைய நுழைவு வளைவு அங்க நிக்குது. பல்கலைக்கழகம் 1980ல இணைக்கப்பட்டு போயிடுச்சு, வளாகம் சுருங்கிடுச்சு, வளைவு மட்டும் வீவக (அரசாங்க அடுக்குமாடி) புளோக்குகளுக்கு நடுவுல தனியா. தேசிய நினைவுச் சின்னமா அறிவிச்சிருக்காங்க. ஆர்ச்ச கிண்டல் பண்றவங்களுக்கு ஒரு வார்த்தை, அதுவும் யாரோ வேர்வை சிந்துன காசுதான், ரொம்ப கிண்டல் பண்ணாதீங்க.

மன்னார்குடி_எக்ஸ்பிரஸ்:

எல்லாரும் காலேஜையே போட்டுத் தாக்குறீங்க, நான் கொஞ்சம் அந்தப் பக்கம் நின்னு பேசுறேன். எங்க மாமா ஒரு எய்டட் காலேஜ்ல பிரின்சிபாலா இருந்து ரிட்டயர் ஆனவரு. எய்டட்னா அரசாங்கம் அனுமதிச்ச போஸ்டுக்கு சம்பளம் குடுக்கும், அவ்வளவுதான். ஒழுகுற கூரை, கரண்ட் பில், சுயநிதிப் பிரிவு வாத்தியாருங்க சம்பளம், இதெல்லாம் மேனேஜ்மென்ட் பாடு. ஆளு ரிட்டயர் ஆனா அந்த போஸ்ட் நெரம்ப வருஷக்கணக்கா ஆகும். பக்கத்துல பளபளன்னு ஒரு பிரைவேட் காலேஜ் பஸ்ஸு விட்டு பசங்கள அள்ளிக்கிட்டு போறான், சேர்க்கைக்கு வர்ற அப்பா அம்மா மொதல்ல பாக்குறது வாசலத்தான், ஏக்யூஏஆர யாரு தொறந்து பாக்குறா? ஆடிட்டோரியத்துக்கு ஏசி போட்டா சனி ஞாயிறு வாடகைக்கு விட்டு காசு பாக்கலாம்னு ஒரு கணக்கும் இருக்கும். போட்டோவ மட்டும் பாத்துட்டு ஆடம்பரம்னு முத்திரை குத்தாதீங்க.

அந்த சோலார விசாரிச்சுப் பாருங்க, உங்க பிடிஎஃப்ல இருக்குறதுலயே அதுதான் உருப்படியானது. ஓடுச்சுன்னா கரண்ட் பில்லு நேரா கொறையும், மாசா மாசம் பில்லு காப்பி கேட்டாலே தெரிஞ்சுடும், இதுல யாரும் கதை விட முடியாது.

பூன்லே_நைட்ஷிஃப்ட்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும்னு நெனைக்கல. அங்கிள், அந்த வளைவு இருக்குற வழியா சைக்கிள்ல போயிருக்கேன், ஏதோ கோயில் வாசல்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

மிஸ் சொன்ன மாதிரி மூணு வருஷ ஏக்யூஏஆரையும் எடுத்தேன், எங்க காலேஜ் வெப்சைட்ல இருந்துச்சு. லைப்ரரிச் செலவு மூணு வருஷமா கொறைஞ்சுக்கிட்டே வருது. கம்ப்யூட்டர் எண்ணிக்கை மூணு வருஷமும் அதே நம்பர், ஒண்ணுகூட கூடல கொறையல, இது எப்படின்னு பிரின்சிபால் ஆபீஸுக்கு மெயில் போட்டேன். சூப்பிரண்டெண்ட் போன் பண்ணி "தம்பி அதுல பாதி ஓடல, ஆனா ஸ்டாக் ரிஜிஸ்டர்ல இருக்குல்ல"ன்னாரு. மனுஷன் மறைக்காம சொன்னதே எனக்குப் புடிச்சுப் போச்சு. சோலாருக்கு பில்லு காப்பி கேட்டேன், ஒடனே அனுப்புனாங்க, நல்லாவே கொறைஞ்சிருக்கு. சொன்ன தொகை வந்த தொகைய பிரிச்சுக் கேட்டதுக்கு மட்டும் இன்னும் பதில் இல்ல.

குரூப்ல இப்ப ரெண்டு கட்சி. ஒரு கட்சி நம்ம பேட்ச் பேர்ல ஒரு லேப் தொறக்கணும்ங்குது. இன்னொரு கட்சி பணத்த பேங்க்ல போட்டு வட்டியில வருஷா வருஷம் ஓடட்டும்ங்குது. இது நடக்குற காரியமா?

தேக்கா_கணக்குப்பிள்ளை:

நடக்கும். இங்க யூனிவர்சிட்டிகள் எல்லாம் எண்டோவ்மென்ட்னு வச்சிருக்குறது அதுதான், போட்ட முதல தொடாம, அதுல வர்ற வருமானத்துல செலவு பண்றது. இங்க அரசாங்கம் பக்கத்துல தன் பங்கையும் போடும், ஊர்ல உங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. பத்து லட்சம் சேந்து ஏழு சதவீத வட்டின்னு வச்சுக்கிட்டா வருஷத்துக்கு 70,000. லேப் தொறக்க இது பத்தாது, ஆனா என்-லிஸ்ட் ஃபீஸ், கொஞ்சம் பேட்டரி, பழைய கம்ப்யூட்டருக்கு ரேம், எஸ்எஸ்டி, இதுக்கு தாராளம். ஒரு விஷயம், குடுக்குறப்பவே இது கார்ப்பஸ், முதல எடுக்கக் கூடாதுன்னு எழுத்துல எழுதிக் குடுக்கணும், ஒவ்வொருத்தரும் அவங்கவங்க லெட்டர்ல. வாய்ல சொன்னா பொது நன்கொடைக் கணக்குல போயிடும், அடுத்த வருஷம் அது பெயிண்ட் ஆயிடும். வட்டிய எதுக்குச் செலவு பண்ணாங்கன்னு வருஷத்துக்கு ஒரு பக்கக் கணக்கு அனுப்பணும்னும் அதுலயே சேருங்க.

செலவப் பத்தியும் கேளுங்க. இங்க அறநிறுவனங்களுக்கு நிதி திரட்டுற செலவு திரட்டுன தொகையில 30 சதவீதத்த தாண்டக் கூடாதுன்னு விதி. ஊர்ல உங்க காலேஜுக்கு இது பொருந்தாது, ஆனா அளவுகோலா வச்சுக்கலாம். விழாவுக்கு மேடை, சால்வை, ஃபிளெக்ஸ், சாப்பாடுன்னு எவ்வளவு போச்சு, அந்த விழாவால எவ்வளவு வந்துச்சுன்னு.

செங்காங்_மிஸ்:

லேப் கட்சிக்காரங்க கிட்ட ஒண்ணு கேளுங்க, லேப் தொறந்தா அத பாத்துக்க ஆளு யாருன்னு. லேப் அசிஸ்டென்ட் போஸ்ட் காலியா இருந்தா புது லேப்பும் அந்த ஸ்டாக் ரிஜிஸ்டர்லதான் போயி உக்காரும். ஒரு வருஷ சம்பளத்த சேத்துக் குடுக்குறோம்னு சொன்னா நான் லேப் கட்சிதான்.

பூன்லே_நைட்ஷிஃப்ட்:

சரி மிஸ், சொல்லிப் பாக்குறேன். கடைசியா ஒரு சந்தேகம். அந்த செவப்பு பாஸ்போர்ட் சீனியர் ரொம்ப வருத்தப்படுறாரு, காலேஜுக்கு எஃப்சிஆர்ஏ பதிவு இல்லன்னு சொல்லிட்டாங்க. ஆபீஸ்ல கழிக்கிற லேப்டாப் பத்து இருக்கு, அதையாவது அனுப்புறேங்குறாரு. அது பணம் இல்லையே, பரவால்லயா?

தேக்கா_கணக்குப்பிள்ளை:

ஆகாது தம்பி, பொருளும் அந்தச் சட்டத்துல நன்கொடைதான், அதுபோக கஸ்டம்ஸ்ல வேற நிக்கணும். அவருக்கு குடுத்தே ஆகணும்னா இங்க சிண்டாவுக்குக் (சிங்கப்பூர் இந்தியர்களுக்கு உதவுற சங்கம்) குடுக்கச் சொல்லுங்க, ஐபிசி தகுதி இருக்கு, கழிவும் கெடைக்கும். காலேஜுக்குத்தான் செய்யணும்னா காசு வேணாம், நேரம் குடுக்கச் சொல்லுங்க. ஃபைனல் இயர் பசங்களுக்கு ஆன்லைன்ல மாதிரி இன்டர்வியூ எடுக்கலாம், ரெஸ்யூம் பாத்துக் குடுக்கலாம்.

பூன்லே_நைட்ஷிஃப்ட்:

கேட்டேன், ஒத்துக்கிட்டாரு. சனிக்கிழமை நம்ம நேரம் ரெண்டரை, அங்க பன்னெண்டு, பசங்களுக்கு கிளாஸ் முடியுற நேரம். மொத கூட்டத்துக்கு காலேஜ்ல அந்த ஸ்மார்ட் கிளாஸ்ரூமத்தான் தொறக்கச் சொல்லியிருக்கோம், வைஃபை எப்படி இருக்குன்னு அன்னைக்கே பாத்துடலாம்.